இரண்டு செய்குன்றுகள்

“உச்சியில்தான் நிற்கிறேன், அக்கா. உன்னைத்தான் காணவில்லை.”

“நானும் உச்சியில்தான் நிற்கிறேன். இங்கே என்னைத் தவிர ஈ, காக்கை கிடையாது.”

ஜனவரி மாதத்து நண்பகல். மேற்கு ஜப்பானில் ஓகயாமா நகரை அடுத்த கிபி சமவெளி. (கிபி என்பது அந்த நாட்டுப்புறத்தின் பழம்பெயர், ஆண்டுக்கு முன்னால் போடுகிற கி.பி. அல்ல.) தம்பியும் நானும் ஆளுக்கொரு புல்மேட்டின் உச்சியில் நின்றபடி கைபேசியில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தோம். பேசிவைத்த இடம் சுக்குரியாமா கோஃபுன். இரண்டு பேருமே சரியான இடத்துக்குத்தான் வந்திருந்தோம் என்பதுதான் வம்பு.

கோஃபுன் என்றால் பழைய புதைமேடு. 3ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை, ஜப்பானில் ஆண்டவர்களும் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களும் மண்ணைக் குன்றாகக் குவிக்கச் செய்து அதற்குள் அடக்கமானார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 1,60,000 மேடுகள் என்று கணக்கு. சுக்குரி என்றால் செய்தது. யாமா என்றால் மலை. செய்குன்று! நம் பழைய நூல்களில் சோலைகளுக்கு நடுவே வருகிற அதே சொல். கிபியில் அப்படி இரண்டு செய்குன்றுகள் இருக்கின்றன. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று. எழுதும்போதுதான் ‘செய்’ என்பதற்கு வேறு வேறு எழுத்து. உள்ளூர்க்காரர்கள் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டார்கள். எழுத்தை வேறு விதமாக வாசித்து, கிழக்கே இருப்பதை ஜோசான் என்றும் மேற்கே இருப்பதைச் சகுசான் என்றும் சொல்கிறார்கள். நான் ஜோசானில். தம்பி சகுசானில். நடுவே மூன்று நான்கு கிலோமீட்டர் வயல்.

போகிறவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். எனக்கு இது தெரிந்தது, தம்பி மிதிவண்டியை மிதித்து வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தில்.

நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து கிபி வரை போவானேன் என்று கேட்கலாம். ஜப்பானிலேயே மிகப் பெரிய கோஃபுன் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில்தான் இருக்கிறது. டைசென் என்று பெயர். நெடுங்காலமாக 486 மீட்டர் என்று சொல்லிவந்தார்கள். அகழிக்கு அடியிலும் அளந்து பார்த்தபோது 500ஐத் தாண்டியது. 2019இல் சுற்றுவட்டாரத்தின் மற்ற மேடுகளையும் சேர்த்து மொத்தம் 49, உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நானும் ஆவலோடு போனேன். கண்டது என்ன? அகழி, அகழிக்கு அப்பால் காடு, இப்பால் வேலி. வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பிய ஒரு முற்றம், ஒரு தோரண வாயில், அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. அரச முன்னோரின் சமாதி என்பதால் அரண்மனை நிர்வாகம் யாரையும் உள்ளே விடுவதில்லை. புகழ்பெற்ற சாவித்துளை வடிவம் தெரியும் என்று நினைத்து நகராட்சிக் கட்டடத்தின் 21ஆம் மாடிக்கும் ஏறினேன். 80 மீட்டர் உயரத்திலிருந்தும் அது ஒரு தோப்பு, அவ்வளவுதான். அந்த வடிவம் பறவைக்கும் விமானத்துக்கும் உரியது.

அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். “பார்ப்பதற்குச் சகாய், மிதிப்பதற்குக் கிபி. நீங்கள் கிபிக்குப் போங்கள்” என்றார். அளவில் முதல் மூன்று இடங்களிலும் உள்ள மேடுகள் அரண்மனை நிர்வாகத்தின் கையில். நான்காவதாக நிற்கும் ஜோசான், 350 மீட்டர் நீளமுள்ளது, யாரும் ஏறலாம். கட்டணம் இல்லை, கதவுகூட இல்லை.

அவரே சொன்ன இன்னொன்று: “பச்சை வந்த பிறகு போகாதீர்கள்.” கோடையில் இடுப்பளவு புல்லும் கொசுவும், மாமுஷி என்ற விரியன் வகைப் பாம்பும் இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் புல் காய்ந்து படுத்துவிடும், இலை உதிர்ந்திருக்கும், மேட்டின் எலும்பு தெரியும். குளிர் கன்னத்தை அறையும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓகயாமா நிலையத்திலிருந்து கிபி வழித்தடம் தொடங்குகிறது. பீச்சம்பழத்துக்குள்ளிருந்து பிறந்து அரக்கரை அடக்கிய மொமொதாரோவின் பெயரைச் செல்லப்பெயராகக் கொண்ட டீசல் ரயில் அதில் ஓடுகிறது. பிசென்-இச்சினோமியா நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே வாடகை மிதிவண்டி. அங்கே எடுத்து மறுகோடியில் சோஜா நிலையத்தருகே விட்டுவிடலாம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தட்டையான பாதை. தம்பி கோபேயில் படிக்கிறவன். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, அவன் சோஜாவிலிருந்தும் நான் இச்சினோமியாவிலிருந்தும் புறப்பட்டு நடுவில் சந்திப்பது என்று திட்டம் போட்டோம். திட்டத்தின் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தீர்களே.

கிபிட்சு ஆலயத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1425இல் மீண்டும் கட்டிய கருவறை, சரிவில் பாம்புபோல் இறங்கும் நீண்ட மர நடைக்கூடம்; எல்லோரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். எனக்கு அங்கே வேண்டியிருந்தது கதை. கிபிட்சுஹிகோ என்ற இளவரசன் ஊரா என்ற அரக்கனோடு போரிட வந்தான். அரக்கனின் அம்புகளைத் தடுக்கக் கற்களைக் கேடயங்களாக நிறுத்தினான். அடிபட்ட அரக்கன் கெண்டைமீனாகி ஆற்றில் பாய, இளவரசன் நீர்க்காகமாகி அவனைக் கவ்வினான். மொமொதாரோ கதைக்கு வேர் இதுவே என்று ஓகயாமாக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கதையில் வரும் இடங்களெல்லாம் அந்தச் சமவெளியில் இருக்கின்றன. மீனைக் கவ்விய இடத்தில் ‘கெண்டை தின்ற கோயில்’ என்றே ஓர் ஆலயம். அதுவும் ஒரு பழைய புதைமேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

கேடயக் கற்கள் நிற்கும் இடந்தான் ததெத்சுக்கி. மிதிவண்டிப் பாதையை விட்டு விலகித் தெற்கே போக வேண்டும், சற்று ஏற்றம். பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறார்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்கூட, ஜோசானா ததெத்சுக்கியா என்று நான் யோசிப்பேன். ஏறிப் போனால் முதலில் கண்ணில் படுவது குடிநீர்த் தொட்டிக் கோபுரம், அடுத்து வீடுகள். மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் கைபோல் நீண்டிருந்த பகுதிகளில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியும் மற்றொன்றைக் குடியிருப்பும் தின்றுவிட்டன. மிஞ்சிய வட்ட மேட்டின் தலையில் ஆளுயரத்துக்கும் மேலான ஐந்து பெருங்கற்கள், ஒன்றையொன்று பார்த்தபடி.

இது கோஃபுன் காலத்துக்கும் முந்தியது. ஓகயாமா பல்கலைக்கழகத்தின் கோந்தோ யோஷிரோ 1976இலிருந்து பல ஆண்டுகள் இங்கே தோண்டினார். சவப்பெட்டியின் அடியில் 30 கிலோவுக்கும் அதிகமான சாதிலிங்கம், அதாவது சிவப்புத் தாதுப்பொடி, கிடந்தது. ஒரு மனிதரைப் படுக்கவைக்க அவ்வளவு சிவப்பு! மேட்டின்மேல் படையலுக்கு வைத்த கலங்களும், அவற்றைத் தாங்க இடுப்புயரத்துக்கு வனைந்த சுடுமண் தாங்கிகளும் கிடைத்தன. இந்தத் தாங்கிதான் கலத்தை இழந்து, வெறும் குழாயாகிப் பிறகு கோஃபுன்களைச் சுற்றி வரிசை வரிசையாக நட்ட ஹனிவாவாக மாறியது என்று கோந்தோ, ஹருநாரி ஹிதேஜியோடு சேர்ந்து 1967லேயே எழுதியிருந்தார். ஹனிவா என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிற வட்டக்கண் குதிரைகளும் வீரர்களும் வெகு பின்னால் வந்தவை. மன்னரோடு உயிருள்ள ஆட்களைப் புதைப்பதை நிறுத்துவதற்காக மண் பொம்மைகள் செய்தார்கள் என்று நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல் உருக்கமாகச் சொல்கிறது. அகழாய்வு அதை ஏற்கவில்லை. முதலில் வந்தது பானைத் தாங்கி. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. சமையற்கட்டிலிருந்து கிளம்பி மன்னர் சமாதிக்குப் போன பொருள்.

அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே ஜோசானுக்கு நான் போனதே தாமதம். தம்பியிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

ஜோசானை முதலில் கண்டுபிடிக்க முடியாது. அதன் எதிரே நின்றுகொண்டே ‘எங்கே?’ என்று கேட்பீர்கள். வயல்வெளியின் நடுவே ஒரு சாதாரணக் குன்று, அடிவாரத்தில் ஓட்டுவீடுகள், துணி காய்கிறது. சாலையோரத்தில் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம், “சுக்குரியாமா இதுதானா?” என்றேன். அவர் நிமிர்ந்து, “ஜோசானா, சகுசானா?” என்று திருப்பிக் கேட்டார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர மனத்தில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

இந்த மேடுகளைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 1808இல் கமோ குன்பெய் என்ற அறிஞர் இவற்றுக்கு ‘முன் சதுரம், பின் வட்டம்’ என்று பெயரிட்டார். வண்டியின் வடிவம் என்று எண்ணியதால் சதுரம் முன்னால் வந்தது. எது முன், எது பின் என்பது இன்றைக்கும் யாருக்கும் முடிவாகவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் ஏறும்போது முதலில் சதுர முனையைக் கண்டுபிடியுங்கள். ஜோசானில் அது எளிது, அங்கேதான் சிற்றாலயமும் படிக்கட்டும். மேலே போய் முதுகுவழியே நடந்தால் தரை மெல்ல இறங்கும், அதுதான் இடுப்பு. பிறகு செங்குத்தாக ஏறும். அது வட்டம், ஆள் அடக்கமான இடம். அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் முழங்காலில் உணர்ந்தபோது, 21ஆம் மாடியில் தெரியாத வடிவம் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சரிவில் மூன்று அடுக்குகள், காய்ந்த புல்லில் நிழல் விழும் கோடுகளாக. இதைக் காலை அல்லது பிற்பகல் சாய்வெயிலில் பாருங்கள். நண்பகலில் கோடுகள் மறைந்துவிடும். நான் போனது நண்பகலில்தான், மாலையில் மறுபடி வந்து பார்த்தேன்.

வட்டத்தின் தலை தட்டையாகச் செதுக்கப்பட்டு, ஓரத்தில் மண் கரை எழும்பியிருக்கும். அதை 5ஆம் நூற்றாண்டின் வேலை என்று மயங்கக் கூடாது. 1582இல் ஹிதெயோஷி என்ற தளபதி, இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தகமட்சு கோட்டையைச் சுற்றி அணை கட்டி நீரில் மூழ்கடித்தபோது, எதிர்த்தரப்பு மோரி படையினர் இந்தச் சமாதியைக் காவல் அரணாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆலயத்தின் முன்னால் ஒரு கல்தொட்டி. மழைநீரும் இலையுமாகக் கிடந்தது. ஊர்ப்புறத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி அச்சாக அப்படித்தான் இருக்கும். பையை அதன் விளிம்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகுதான் பலகையைப் படித்தேன். அது சவப்பெட்டி. கடல் கடந்து கியூஷு தீவின் அசோ எரிமலைப் பாறையில் குடைந்து கொண்டுவந்தது. பையை எடுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இங்கே எந்தக் கல்லின்மீதும் எதையும் வைப்பதற்கு முன் பலகையைப் படியுங்கள். சரிவில் சிவந்த ஓட்டுச் சில்லுகளைக் கண்டால் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள்; 1921இலிருந்து நாட்டின் வரலாற்றுச் சின்னம் இது, அந்தச் சில்லு ஹனிவாவாக இருக்கலாம்.

தொலைபேசிப் பேச்சு முடிந்து, தம்பி வருகிற வரை உட்கார்ந்து யோசித்தேன். யாருக்கு இவ்வளவு பெரிய குன்று? பெயர் தெரியாது. ஆனால் இதைக் கட்டிய காலத்தில், நாரா, ஒசாகாப் பக்கம் இருந்து ஆண்ட யமாதோ மன்னர்களின் சமாதிகளோடு தோளுக்குத் தோள் நிற்கும் அளவு இது. டைசெனைப் பழைய முறையில் கட்டினால் நாளொன்றுக்கு 2,000 பேர்வரை உழைத்தும் 15 ஆண்டு 8 மாதம் பிடிக்கும் என்று ஒபயாஷி கட்டுமான நிறுவனம் 1985இல் கணக்குப் போட்டது. அதைவிடச் சிறியதுதான் ஜோசான், என்றாலும் கிபி தலைவர் ஒருவரின் சொல்லுக்கு எத்தனை கூடைகள் நகர்ந்திருக்கும்! இந்தச் செருக்கை யமாதோ விட்டுவைக்கவில்லை. நிஹோன் ஷோகி 463க்குச் சொல்லும் ஒரு செய்தி: கிபியின் தலைவன் ஒருவன் சின்னச் சேவல் ஒன்றின் இறகைப் பிடுங்கி, சிறகை நறுக்கி, அதற்கு மன்னர் என்று பெயர் வைத்தான். பெரிய சேவலுக்கு மணி கட்டி, அதைத் தன் சேவல் என்று சொல்லிச் சண்டைக்கு விட்டான். மொட்டைச் சேவல் ஜெயித்தது. ஆத்திரத்தில் வாளை உருவி அதைக் கொன்றான். செய்தி கேட்ட மன்னர் படையை அனுப்பி, அவனையும் சேர்த்து அந்தக் குடும்பத்தில் 70 பேரைக் கொன்றுபோட்டார். நடந்ததோ இல்லையோ, அதன் பிறகு கிபியில் இந்த அளவுக்கு மேடு எழவில்லை.

மூச்சிரைக்க வந்த தம்பி முதலில் கேட்டது சாப்பாடு. வழியில் கடை கிடையாது என்பதை நான் முன்கூட்டி விசாரிக்கவில்லை. வயலோரத்தில் ஆளில்லாத காய்கறிக் கடை ஒன்றில் ஆரஞ்சுப் பை நூறு யென். நல்ல வேளையாக என்னிடம் சில்லறை இருந்தது. உண்டியலில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டோம். அரிசி உருண்டை இரண்டும் நூறு யென் நாணயங்கள் ஐந்தாறும் இல்லாமல் இந்தப் பாதையில் கிளம்பாதீர்கள். இன்னொன்று: குறுக்கு வழி என்று வரப்பில் வண்டியை இறக்காதீர்கள். தம்பி இறக்கப் பார்த்தான்; நம் தாத்தா வரப்பில் எவனாவது சைக்கிள் ஓட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன், இறங்கித் தள்ளினான்.

மேற்கே கொக்குபுஞ்சி என்ற புத்த ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரம் தெரியத் தொடங்கும் இடத்தில், தோப்புக்குள் கொமோரிசுக்கா. வௌவால் மேடு என்று பொருள். மற்ற மேடுகளில் மேலே ஏறலாம், இதில் உள்ளே போகலாம். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதற்குள் பக்கவாட்டில் வாசல் வைத்துக் கட்டும் பழக்கம் வந்துவிட்டது. குனிந்து நுழைந்தால் பத்தடிக்குள் வெளிச்சம் தீர்ந்துவிடும். கைபேசி விளக்கு போதாது. தலையில் மாட்டும் விளக்கு கொண்டுபோங்கள், இரண்டு கையும் சுவருக்குத் தேவைப்படும். கடைசியில் வேலி, அதற்கு அப்பால் வீட்டுக் கூரைபோன்ற மூடியோடு கல்பெட்டி. பாதையும் அறையுமாக மொத்தம் 19.4 மீட்டர். மேலே கிடக்கும் பாறை ஒவ்வொன்றும் ஒரு லாரி அளவு. ஜப்பானிய மொழியில் இந்த அமைப்புக்கு ‘சேகிஷிட்சு’ என்று பெயர்: கல் ஒன்று, அறை ஒன்று. கல்லறை! சிறு வயதிலிருந்து சொல்லிவரும் சொல்லுக்குள் ஓர் அறை இருப்பது அந்த இருட்டில்தான் உறைத்தது. தம்பியிடம் சொன்னேன். “வெளியே போய்ப் பேசலாம், அக்கா” என்றான்.

முன்பு இதைக் குரோஹிமே என்ற அழகியின் சமாதி என்றார்கள். நிந்தொகு மன்னர் காதலித்து, பட்டத்தரசியின் பொறாமைக்கு அஞ்சிக் கிபிக்கே ஓடிவந்தவள். மேட்டின் வயது அவள் காலத்துக்கு ஒத்துவரவில்லை; அவள் போய், வௌவால்கள் பெயரைப் பிடித்துக்கொண்டன.

தம்பி ஏற்கெனவே தனியாக ஒரு மணி நேரம் நின்ற சகுசானுக்கு மறுபடி போனோம். 280 மீட்டருக்குச் சற்று மேல், கூட்டமே கிடையாது. சதுர முனைக்கு எதிரே ஒரு மண்முகடு குறுக்கே கிடந்தது. அது என்னவென்று அவன் காலையிலேயே யோசித்திருக்கிறான். இருந்த மலைத்தொடரை வெட்டி இந்த மேட்டைச் செதுக்கியவர்கள், வேண்டிய வடிவம் வந்ததும் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 350 மீட்டர் கட்டிய ஜோசானில் எனக்குக் கிடைக்காத ஒன்று இது. வெட்டிய முகமும் வெட்டாத முதுகும் எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் நாம் நடக்கலாம்.

ஜோசானின் சரிவில் சாய்வெயில் விழுவதைப் பார்க்க நான் மட்டும் திரும்பி ஓடியது முட்டாள்தனம். ஜனவரியில் ஐந்து மணி தாண்டினால் இருட்டத் தொடங்கிவிடும். வண்டிக் கடையும் மூடிவிடும். விளக்கு இல்லாத வயல்பாதையில், எதிர்காற்றில், பல் கிட்டிப்போக மிதித்து, கதவை இழுத்துக்கொண்டிருந்தவரிடம் வண்டியை ஒப்படைத்தேன். அவர் கோபிக்கவில்லை, ‘ஜோசானா?’ என்று மட்டும் கேட்டார்.

ரயிலில் தம்பி காகித வரைபடத்தை மடியில் விரித்திருந்தான். ஜப்பானிய வரைபடங்களில் வரலாற்றுச் சின்னத்துக்கு இடும் குறி மூன்று புள்ளிகள், நம் ஆய்த எழுத்தேதான். பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் ஃ தேடினால் போதும் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். சோஜாவிலிருந்து ஓகயாமா வரை, வயலுக்குள்ளும் குன்றோரத்திலும் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். நாங்கள் அன்று மிதித்தவற்றுக்குப் பென்சிலால் வட்டம் போட்டபோது, என் ஜோசானையும் தன் சகுசானையும் மறுபடி மாற்றிப் போட்டுவிட்டான்.